அடுத்தவர் டேங்கில் மிஞ்சியது: உபரி ஒயின் வணிகம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பெங்களூரு யஷ்வந்த்பூர் மொத்தச் சந்தையில் உலர்திராட்சையும் முந்திரியும் வியாபாரம் செய்யும் தேனி மாவட்டத்துக்காரர் ஒருவர் கேட்ட கேள்விதான் இந்த ஆய்வுக்குக் காரணம். "நந்தி மலைப் பக்கம் ஒயின் ஆலைகளில் அறுவடை நெருங்கும் நேரத்தில் பழைய சரக்கு டேங்கிலேயே நிற்கிறதாம். விலை குறைத்து வாங்கி, இரண்டு மூன்றைக் கலந்து, நம் பெயரில் பாட்டிலில் அடைத்து விற்றால் என்ன அண்ணே? அமெரிக்காவில் ஒருவர் அப்படித்தான் சம்பாதித்தாராமே." செலவுக் கணக்குப் பார்ப்பது என் தொழில். அந்த அமெரிக்கரின் கதையை முதலில் சரியாக எழுதிப் பார்ப்போம், பிறகு நம் ஊருக்கு வருவோம் என்றேன்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அமெரிக்கர் மலிவாக வாங்க முடிந்ததற்கு உபரி மட்டும் காரணம் இல்லை. விற்றவரின் பெயர் வெளியே வராது என்று அவர் கொடுத்த உறுதிதான் விலையைக் கீழே இழுத்தது. அந்த உறுதியைக் கர்நாடகத்தில் ஒருவரால் கொடுக்க முடியுமா? தேனிக்காரர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

கலிபோர்னியாவில் நடந்தது

1990களில் கலிபோர்னியாவில் கொடித்தோட்டங்கள் கண்மண் தெரியாமல் பெருகின. திராட்சைக்கொடி நட்டு மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் ஒழுங்காகக் காய்க்கும். நல்ல விலை இருந்தபோது நட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளைச்சல் வந்தது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் டேங்குகள் நிரம்பி வழிந்தன. அந்த ஒரே வெள்ளத்தில் இரண்டு பேர் இரண்டு விதமாக மீன் பிடித்தார்கள்.

முதலாமவர் பிரான்கோ ஒயின் நிறுவனத்தின் ஃப்ரெட் ஃப்ரான்சியா. நொடித்துப்போன ஓர் ஆலையின் 'சார்ல்ஸ் ஷா' என்ற பெயரை முன்பே வாங்கி வைத்திருந்தார். 2002இல் அந்தப் பெயரில் ட்ரேடர் ஜோஸ் கடைகளில் ஒரு பாட்டில் 1 டாலர் 99 சென்ட் என்று இறக்கினார். எங்கெங்கோ கிடைத்த ஒயினையெல்லாம் பெரிய அளவில் கலந்து, மலிவான ஒரு பாட்டிலில் அடைப்பது அவர் வழி. இந்த டேங்க் எந்தத் தோட்டத்துடையது என்று அந்த விலைக்கு வாங்குபவர் கேட்பதில்லை. குடிக்கும்படி இருந்தால் போதும். பாட்டில்கள் கோடிக்கணக்கில் விற்றன.

இரண்டாமவர் கேமரன் ஹியூஸ். 2001இல் மனைவியுடன் சேர்ந்து சான் பிரான்சிஸ்கோவில் தொழிலைத் தொடங்கினார். தோட்டம் இல்லை, ஆலை இல்லை. அறுபது, எழுபது டாலருக்குப் பாட்டில் விற்கும் ஆலைகளில் தேவைக்கு மேல் மிஞ்சிய பீப்பாய்களைத் தேடிப் போனார். அப்படிப்பட்ட ஆலை ஏன் விற்க வேண்டும்? தன் பெயர் ஒட்டிய பாட்டிலைக் கடையில் பாதி விலைக்கு வைத்தால், முழு விலை கொடுத்த உணவகங்களும் நெடுநாள் வாடிக்கையாளர்களும் மறுநாளே கேட்பார்கள். அதனால் விலையைக் காப்பாற்ற வேண்டிய ஆலை, மிஞ்சியதைத் தரகர் மூலம் சத்தமில்லாமல் தள்ளிவிடும். சியாட்டி, டரன்டைன் போன்ற தரகு நிறுவனங்கள் கலிபோர்னியாவில் இதையே முழுநேரத் தொழிலாகச் செய்கின்றன. ஹியூஸ் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, பணத்தைக் கொடுத்து, சரக்கை எடுத்துக்கொண்டார். லேபிளில் ஆலையின் பெயர் இருக்காது. ஊர், திராட்சை வகை, ஆண்டு, இவற்றோடு அந்த முறை வாங்கிய சரக்குத் தொகுதிக்கு ஒரு லாட் எண். லாட் தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

இந்த எண் முறை அழகானது. வாங்குபவருக்கு அது ஒரு புதிர்: எந்த ஆலையாக இருக்கும் என்று யூகிக்கும் விளையாட்டு. விற்பவருக்கோ அது திரைச்சீலை. ஃப்ரான்சியா ஆண்டுதோறும் அலமாரியை நிரப்பியாக வேண்டும். ஹியூஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குறைந்தபட்சம், தொடக்கத்தில் இல்லை.

பிறகு காஸ்ட்கோ வந்தது. பொருள்களின் மீது 14, 15 சதவீதத்துக்கு மேல் லாபம் வைப்பதில்லை என்று தனக்குத் தானே வரம்பு போட்டுக்கொண்ட கடைச் சங்கிலி அது. அதன் அலமாரி கிடைத்தால் சரக்கு மலைபோல் நகரும். ஆனால் அலமாரி காலியாக இருப்பதை அப்படிப்பட்ட கடை விரும்பாது. உபரி கிடைத்தால் விற்போம் என்றிருந்த நிறுவனம், விற்க வேண்டியிருப்பதால் உபரியைத் தேடும் நிறுவனமாக மாறும் இடம் இதுதான் என்பது என் கணிப்பு. 2016இல் கடன் சுமையில் நிறுவனம் ஹியூஸின் கையை விட்டுப் போனது. 2017 தொடக்கத்தில் விண்டேஜ் ஒயின் எஸ்டேட்ஸ் அதை வாங்கிக்கொண்டது. வாங்கிய அந்த நிறுவனமே 2024 ஜூலையில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது வேறு கதை.

ஹியூஸ் ஓயவில்லை. 2018இல் கலிபோர்னியாவின் ஒயின் திராட்சை அறுவடை 42 லட்சம் டன்னைத் தாண்டியிருந்தது. 2020இல் பெருந்தொற்று உணவகங்களை மூடியபோது கலிபோர்னியாவில் பெயர்பெற்ற ஒயின் பகுதியான நாபாவின் உயர்தர ஒயின்கூட டேங்கில் தேங்கியது. அந்த ஆண்டு 'டி நெகோஸ்' என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். இந்த முறை கடைகளே வேண்டாம் என்றார். மின்னஞ்சலில் லாட் விவரம் போகும், வாடிக்கையாளர் பெட்டிக் கணக்கில் முன்பணம் கட்டுவார், ஒயின் சில மாதங்கள் கழித்துப் பாட்டிலாகி வீட்டுக்கு வரும்.

2020 ஆகஸ்டில் மின்னல் தாக்கிக் காடுகள் எரிந்தன. செப்டம்பர் 27 அன்று நாபா பள்ளத்தாக்கிலேயே 'கிளாஸ்' என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ மூண்டது. புகை படிந்த திராட்சையைப் பலர் பறிக்கவே இல்லை. கோடையில் வாங்க ஆள் இல்லாமல் கிடந்த 2018, 2019 சரக்குக்கு இலையுதிர் காலத்தில் போட்டி வந்தது. விற்கத் துடித்தவர்கள் இருப்பைக் கட்டி வைத்துக்கொண்டார்கள். உபரி வணிகரின் மூலப்பொருள், அடுத்தவர் போட்ட தப்புக்கணக்கு. அது எப்போது கிடைக்கும், எப்போது நின்றுபோகும் என்று அவரால் திட்டமிட முடியாது.

காசு எங்கே மாட்டிக்கொள்கிறது

உபரியை விற்பவருக்குத் தேவை இரண்டு: கையில் ரொக்கம், அறுவடைக்கு முன் காலி டேங்க். கலிபோர்னியாவில் அந்த நெருக்கடி ஆகஸ்டில் வரும். நம் பக்கம் கொடியை ஆண்டுக்கு இரு முறை கவாத்து செய்து, மழைக்காலம் முடிந்த பிறகு காய்க்க விடுவதால், அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை நடக்கும். எனவே நவம்பர், டிசம்பரில் வாங்குபவர் கை ஓங்கியிருக்கும். ஏப்ரலில் போய்க் கேட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

தேனிக்காரருக்காக ஒரு கணக்குப் போட்டேன். எண்கள் சந்தை விலைகள் அல்ல, கணக்குக்காக வைத்துக்கொண்டவை. 10,000 லிட்டர் டேங்க், லிட்டர் 120 ரூபாய் என்றால் 12 லட்சம். வடிகட்டுவதிலும் மாற்றுவதிலும் 3 சதவீதம் போனால் 9,700 லிட்டர், அதாவது 750 மில்லி பாட்டில்கள் 12,933. பாட்டில், மூடி, லேபிள், பெட்டி சேர்த்து ஒன்றுக்கு 60 ரூபாய், அடைக்கும் கூலி 15 ரூபாய். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 21 லட்சத்து 70 ஆயிரம். வரிகளுக்கு முன் ஒரு பாட்டிலின் அடக்கம் 168 ரூபாய். இதில் ஒயினின் பங்கு 93 ரூபாய்தான்.

ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்றால் ஒரு பாட்டில் கிடங்கில் தூங்கும் ஒவ்வொரு மாதமும் 2 ரூபாய்க்குச் சற்று அதிகம். நான்கு மாதத்தில் விற்று முடித்தால் வட்டி 8 ரூபாய், பதினான்கு மாதம் இழுத்தால் 29 ரூபாய். ஆலைக்காரரிடம் தொண்டை வறளப் பேரம் பேசி லிட்டருக்கு 10 ரூபாய் குறைத்தால் பாட்டிலுக்கு மிச்சமாவது ஏறத்தாழ ஏழரை ரூபாய். மூன்றரை மாதம் முன்னதாக விற்றுவிட்டால் அதே பணம் தானாக வந்துவிடும். வாங்குவதில் சாமர்த்தியம் என்று நாம் மார்தட்டுவதெல்லாம் விற்கும் வேகத்தில் கரைந்துவிடும் என்பதை அவர் தம் உலர்திராட்சைக் கணக்கிலேயே பார்த்திருப்பார். ஆனாலும் இந்த இடத்தில் தாளை வாங்கி மறுபடியும் கூட்டிப் பார்த்தார்.

ஹியூஸின் உண்மையான கண்டுபிடிப்பு லாட் எண் அல்ல, அந்த முன்பணம் என்றே நான் சொல்வேன். வட்டியை அவர் வாடிக்கையாளர் தலையில் கட்டினார், அவர்களும் மகிழ்ச்சியாகக் கட்டிக்கொண்டார்கள்.

கலப்பது எப்படி

தேனிக்காரர் கலவையைப் பெரிய வித்தையாக நினைத்திருந்தார். பாதி வித்தை, பாதி சட்டம். அமெரிக்காவில் லேபிளில் ஒரே திராட்சை வகையின் பெயர் போட வேண்டுமானால் அந்த வகை குறைந்தது 75 சதவீதம் இருக்க வேண்டும். நாபா பள்ளத்தாக்கு போன்ற வரையறுக்கப்பட்ட விளைநிலத்தின் பெயர் போட 85 சதவீதம் அங்கே விளைந்திருக்க வேண்டும். அத்துடன் ஆண்டும் போட்டால் 95 சதவீதம் அந்த ஆண்டுடையதாக இருக்க வேண்டும். ஆக, 'நாபா கேபர்னே 2018' (கேபர்னே ஒரு சிவப்பு ஒயின் திராட்சை வகை) என்ற பாட்டிலில் கால் பங்கு வேறு திராட்சையாகவும் 15 சதவீதம் வேறு ஊர்ச் சரக்காகவும் இருக்கலாம். உபரி வணிகரின் லாபம் பெரும்பாலும் இந்த இடைவெளிகளில்தான் ஒளிந்திருக்கிறது. குற்றமில்லை, ஒளிவுமறைவு என்றுகூடச் சொல்ல முடியாது. சட்டப் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறது.

வித்தைப் பக்கம் வருவோம். நம் ஊர்க் காபித்தூள் கடையில் பீபெரியும் பிளாண்டேஷனும் எத்தனைக்கு எத்தனை, சிக்கரி எவ்வளவு என்று கேட்பார்களே, அடிப்படை அதேதான். 100 மில்லி அளவு உருளையில் ஐந்து ஐந்து மில்லியாக விகிதத்தை மாற்றி, லேபிள் தெரியாமல் சுவைத்துப் பார்ப்பது. ஆனால் காபித்தூள் கலந்த பிறகு சும்மா இருக்கும், ஒயின் இருக்காது. தனித்தனியே குளிரில் நிலையாக நின்ற இரண்டு ஒயின்கள், சேர்ந்த பிறகு பாட்டிலின் அடியில் டார்ட்ரேட் என்ற உப்புப் படிகங்களைக் கக்கலாம். ஒன்றில் கொஞ்சம் சர்க்கரை மிஞ்சியிருந்து, மற்றதில் உயிருள்ள ஈஸ்ட் இருந்தால், பாட்டிலுக்குள் மறுபடியும் நொதித்து மூடியைத் தள்ளும். ஒன்றில் திராட்சையின் இயல்பான புளிப்புகளில் ஒன்றான மாலிக் அமிலம் மிஞ்சியிருந்து மற்றதில் அதைத் தின்னும் பாக்டீரியா இருந்தாலும் இதே தொல்லை. அதனால் கலந்த பிறகு எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். கலவை டேங்கில் சில வாரம் அமைதியாக நிற்கவும் வேண்டும். அவசரப்படும் வணிகர் செய்யாமல் விடுவது இதைத்தான்.

கெட்டதை நல்லதால் கரைக்கும் ஆசை வேறு. காடிப் புளிப்பு ஏறிய டேங்கை நல்ல டேங்கோடு சேர்த்தால் அந்தப் புளிப்பின் அளவு சராசரியாக இறங்கும் என்பது உண்மைதான். அமெரிக்காவில் சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 1.4 கிராம், வெள்ளைக்கு 1.2 கிராம் ஆவியாகும் அமிலம் (காடிப் புளிப்பைத் தருவது) வரை சட்டம் பொறுக்கும். ஆனால் சட்டம் பொறுப்பதை நாக்கு பொறுக்காது. இரண்டு சுமாரான டேங்கைக் கலந்தால் ஒரு பெரிய சுமாரான டேங்க் கிடைக்கும், அவ்வளவுதான். ஒன்றில் புளிப்பு குறைவு, மற்றதில் வாயில் உணரும் கனம் குறைவு என்று குறைகள் வேறுவேறாக இருந்தால் மட்டுமே கலவை கைகொடுக்கும்.

இன்னொரு எச்சரிக்கை சரக்கை எடுப்பது பற்றியது. ருசி பார்த்த மாதிரியும் வண்டியில் ஏறிய சரக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மாதிரியை டேங்கின் நடுவிலிருந்து எடுத்து, தேதி எழுதி, இரண்டு பாட்டிலில் முத்திரையிட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது நல்லது. பாதி காலியான டேங்கில் காற்றைத் தடுக்க மேலே நைட்ரஜன் போடாமல் விட்டிருந்தால், அக்டோபரில் சுவைத்தது டிசம்பரில் இருக்காது. ஒயினைக் கெடாமல் காக்கும் கட்டற்ற கந்தக டை ஆக்சைடு எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்கும் ஆலையில் வாங்கவே கூடாது.

பெங்களூருக்கு வந்தால்

இங்கே ஒயினே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தொட்டபள்ளாப்பூர் அருகே குரோவர் குடும்பம் 1988இல் நிறுவனம் தொடங்கியது. கர்நாடக அரசு 2007இல் தனி ஒயின் கொள்கையே கொண்டுவந்து, ஒயின் வாரியமும் அமைத்தது. பெங்களூரு புளூ திராட்சையில் செய்யும் இனிப்பான, ஆல்கஹால் சேர்த்த மலிவு ஒயினும் இந்த மாநிலத்தில் நிறையவே ஓடுகிறது. உபரி விழுவதும் இயல்பே. தடை வேறு இடத்தில் இருக்கிறது.

மதுபானம் அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலில் வருகிறது. கர்நாடகத்தில் 2003 முதல் மொத்த விற்பனை மாநில பானக் கழகத்தின் வழியாகத்தான். கலிபோர்னியாவில் ஆலை இல்லாதவரும் 17, 20 என்ற இரண்டு உரிமங்களைச் சேர்த்து எடுத்து, மொத்தமாகவும் சில்லறையாகவும் ஒயின் விற்கலாம். ஹியூஸ் போன்றவர்களை உருவாக்கியதே அப்படிப்பட்ட வாசல்கள்தான். நம் மதுவணிகத்தில் புழங்கும் வழி 'டை-அப்': பிராண்ட் ஒருவருடையது, உரிமம் பெற்ற ஆலை இன்னொருவருடையது. ஆலையிலேயே சரக்கை வாங்கி, ஆலையிலேயே கலந்து, ஆலையிலேயே அடைக்க வேண்டும். அப்போது லேபிளில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் வந்தே தீரும். 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மதுபானங்களுக்கான உணவுப் பாதுகாப்பு விதிகள் எச்சரிக்கை வாசகத்தைக்கூட இன்னபடி இருக்க வேண்டும் என்று சொல்கின்றன.

திரைச்சீலை கிழிவது இங்கேதான். தன் பெயர் அச்சாகும் என்றால் பெயர் பெற்ற ஆலை தேனிக்காரருக்கு ஏன் மலிவாக விற்க வேண்டும்? தானே ஒரு இரண்டாம் தர லேபிள் போட்டு விற்றுவிட்டுப் போகும். கிடைப்பது பெயரில்லாத ஆலையின் சரக்கு மட்டுமே. அதில் மறைக்கவும் ஒன்றுமில்லை, யூகிக்கவும் ஒன்றுமில்லை.

லாட் முறையைக் கொல்லும் இன்னொன்று லேபிள் பதிவு. ஒவ்வொரு லேபிளுக்கும் ஒவ்வொரு மாநிலத்திலும் கலால் துறையின் ஒப்புதல் வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆயிரம் பெட்டி விற்றதும் மறைந்துபோகும் லேபிளுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஒரே லேபிள், ஆண்டுதோறும் ஒரே சுவை என்று போனால் ஃப்ரான்சியாவின் வழி. அதற்கு அவரிடம் இருந்த அளவு வேண்டும். மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று கேட்பவர்கள் மகிழ்ச்சி அடைவார்கள். கண்ணாடி பாட்டிலுக்குக் கட்டிய 18 சதவீதத்தை எதிலும் கழித்துக்கொள்ள முடியாது என்பது அதன் மறுபக்கம்.

"வெளிநாட்டு உபரியை இறக்கினால்?" என்றார். ஆஸ்திரேலியாவில் 2023 வாக்கில் 200 கோடி லிட்டருக்கு மேல் தேங்கியிருந்தது. சீனா போட்ட தண்டனை வரிதான் முக்கியக் காரணம், அது 2024 மார்ச்சில் நீங்கியது. பிரான்ஸ் 2023இல் உபரியை அழிக்கவே 20 கோடி யூரோ ஒதுக்கியது. ஓர் இருபதடிக் கொள்கலனில் 24,000 லிட்டர் பை ஏற்றினால் 32,000 பாட்டில் வரும். ஆனால் இந்தியாவின் சுங்க வரி 150 சதவீதம். 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் சலுகை உண்டு, அது ஒரு பாட்டிலின் இறக்குமதி மதிப்பு 5 டாலருக்குக் குறையாமல் இருந்தால் மட்டுமே. உபரியின் இலக்கணமே அந்த விலைக்குக் கீழே இருப்பதுதானே.

பிறகு, எதிர்பார்த்தபடியே, சொந்த ஊருக்கு வந்தார். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமை அவருக்கு உண்டு. அது பழமாகத் தின்னும் திராட்சை. ஏறக்குறைய ஆண்டு முழுக்க அறுவடை நடக்கும். பழச்சந்தையில் நல்ல விலை கிடைக்கும் நாளில் ஒயினுக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

நாசிக் அனுபவத்தையும் சொன்னேன். மகாராஷ்டிரத்தின் 2001 ஒயின் கொள்கைக்குப் பிறகு ஆலைகள் மளமளவென்று முளைத்தன. 2008இல் பொருளாதார மந்தமும் மும்பைத் தாக்குதலும் சேர்ந்து வந்தபோது விற்பனை விழுந்தது. வெளிநாடுகளிலும் நிறுவனங்களை வாங்கி விரிந்திருந்த இண்டேஜ் என்ற ஒயின் நிறுவனம் சரிந்து, கலைப்பு நடவடிக்கை வரை போனது. விவசாயிகள் பலர் ஒயின் கொடிகளைப் பிடுங்கிவிட்டு மீண்டும் தின்னும் திராட்சைக்கே திரும்பினார்கள். அவ்வளவு உபரி கிடந்தும் அங்கே ஒரு ஹியூஸ் எழுந்து நாடறியப் பெயர் வாங்கியதாக நான் அறியவில்லை. காரணம் அறிவுக் குறைவு என்று நான் நம்பவில்லை. வாங்கி விற்பவருக்கென்று சட்டத்தில் ஓர் இடம் வேண்டும், அது இல்லை.

பிரான்சின் ஒயின் பகுதியான பர்கண்டியில் அந்த இடம் நூற்றாண்டுகளாக இருக்கிறது. பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு என்ற சட்டத்தால் நிலம் துண்டு துண்டாகி, ஒரு விவசாயியிடம் சில பீப்பாய்களே மிஞ்சின. 1859இல் தொடங்கிய லூயி ஜாடோ போன்ற வணிகர்கள் அவற்றைச் சேகரித்துத் தம் பெயரில் விற்றார்கள். அவர்கள் உபரிக்குக் காத்திருப்பதில்லை, ஆண்டுதோறும் அதே விவசாயிகளிடம் வாங்குகிறார்கள்.

தேனிக்காரருக்கு நான் எழுதிக் கொடுத்தது இது. லாட் எண் யோசனையைக் கைவிடுங்கள். ஒரே ஆலையோடு டை-அப், ஒரே சிவப்பு, ஒரே லேபிள், கர்நாடகத்துக்குள் மட்டும். உபரி விலையில் கிடைத்தால் லாபம், கிடைக்காத ஆண்டில் வழக்கமான விலைக்கும் தாங்கும்படி விற்பனை விலை இருக்க வேண்டும். தாங்காது என்றால் தொடங்க வேண்டாம். ஒயின் வினிகர் பற்றியும் பேசினோம். சமையல் பொருள் வணிகம் அவருக்குத் தெரிந்த துறை, ஆனால் அதற்கும் ஆலையிலிருந்து ஒயினை வெளியே எடுக்கக் கலால் அனுமதி வேண்டும் என்றதும் முகம் சுருங்கியது.

கடைசியாக அவர் செய்தது, ஒரு ஆலைக்குக் கடிதம் எழுதியது. நவம்பர் இறுதியில் இரண்டு டேங்கின் மாதிரி, கட்டற்ற கந்தக டை ஆக்சைடு, ஆவியாகும் அமிலம், மிஞ்சிய சர்க்கரை, மாலிக் அமிலம் ஆகியவற்றின் ஆய்வுத்தாள், முன்பணம் இல்லாமல் பாட்டிலில் அடைத்த பிறகு பணம் கொடுக்கும் நிபந்தனை. முதல் இரண்டுக்கும் ஆலை சம்மதித்திருக்கிறது. மூன்றாவதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது.